பாஸ்வேர்டு தராவிட்டால் வாரண்டி கிடையாதா?

கேள்வி: வீட்டில் இருந்தபடியே சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வாங்கி எட்டு மாதமே ஆன என் லேப்டாப்பின் திரை விட்டுவிட்டு அணைகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், “பாஸ்வேர்டைச் சொல்லுங்கள். பூட்டிய கம்ப்யூட்டருக்கு வாரண்டி கிடையாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களின் வங்கி விவரங்கள் அதில் இருக்கின்றன. நான் என்ன செய்வது, ஐயா?

பதில்: பாஸ்வேர்டு போட்டிருப்பதால் மட்டும் வாரண்டி போய்விடாது, சகோதரி. தண்ணீர் கொட்டியது, கீழே விழுந்தது, வெளியாட்கள் கழற்றியது போன்ற காரணங்களுக்காக வாரண்டியை மறுப்பார்கள். பூட்டி வைத்தது அந்த வகையில் வராது. அடுத்தவர் பணவிவரம் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுக்கத் தயங்கினீர்களே, அது மிகச் சரியான தயக்கம்.

ஆனால் வாரண்டி அட்டையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். “சர்வீஸுக்குத் தருமுன் பாஸ்வேர்டை நீக்க வேண்டும், தகவல்களைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்” என்ற நிபந்தனை சில நிறுவனங்களில் உண்டு. அப்படி இருந்தாலும், அதைக் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போட முடியுமே தவிர, வாரண்டியையே ரத்து செய்ய முடியாது என்பது என் கருத்து. பிரதி எடுக்காமல் போய்த் தகவல்கள் அழிந்தால் பொறுப்பில்லை என்றும் பெரும்பாலான அட்டைகளில் எழுதியிருப்பார்கள். ஆகவே பிரதி எடுக்காமல் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பழுது திரையில். விண்டோஸ் திறப்பதற்கு முன்பே, கம்பெனி முத்திரை தெரியும் நேரத்திலேயே திரை அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டுக்கும் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பெரும்பாலான லேப்டாப்களில் உள்ளே நுழையாமலே திரை, மெமரி, டிஸ்க் ஆகியவற்றைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. விண்டோஸுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று டெக்னீஷியன் சொன்னால், நிர்வாகி உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். வழக்கு என்று வந்தால், நீங்கள் ஒத்துழைத்தீர்கள் என்பதற்கு இதுவே ஆதாரம்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். லேப்டாப்பில் பிட்லாக்கர் பூட்டு (டிஸ்கில் உள்ள தகவல்களைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால், மதர்போர்டு மாற்றியபின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை முன்பே எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், லேப்டாப் பையில் வைக்க வேண்டாம். இன்னொன்று, கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போதே கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டு. அதை மறந்துவிட்டால் அது தயாரிப்புக் குறை ஆகாது. சில மாடல்களில் மதர்போர்டையே மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவை வாரண்டியில் கேட்க வழியில்லை. உங்கள் சிக்கல் அது இல்லை என்றாலும், இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு.

இனி சட்டம். வாய்ச்சொல்லாக மறுப்பதை ஏற்காதீர்கள். லேப்டாப்பைப் பழுதுக்குப் பெற்றுக்கொண்டதைப் பதியும் ஜாப் ஷீட் போடச் சொல்லுங்கள். அதில் பழுது என்ன, தனிக் கணக்கு கொடுத்திருக்கிறீர்கள், லேப்டாப்பின் வெளிப்புறம் எப்படி இருக்கிறது என்று மூன்றும் இருக்கட்டும். போட மறுத்தால் அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். “இந்த சீரியல் எண் கொண்ட லேப்டாப்பைத் திரைப் பழுதுக்காகக் கொண்டுவந்தேன். சோதனைக்குத் தனி யூசர் கணக்கு தருகிறேன் என்றும் சொன்னேன். வாரண்டியில் சரிசெய்ய மறுப்பதானால், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” இவ்வளவு போதும். நான் பார்த்தவரை, எழுத்தில் காரணம் கேட்டாலே பாதிப் பேருக்கு வேலை நடந்துவிடுகிறது.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதுவும் பலன் தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர், தயாரித்த நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. பழுதை நீக்கவும், புதியது தரவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாதம் வைப்பார்: “தொழிலுக்காக வாங்கியது, எனவே இவர் நுகர்வோர் அல்ல.” பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதக்கூடாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. ஆகவே இந்த வேலைதான் உங்கள் வருமானம் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

பழுது பார்க்கும் சாக்கில் யாராவது உங்கள் கோப்புகளைத் திறந்தாலோ நகலெடுத்தாலோ அது தனியான சட்டமீறல். அனுமதியின்றித் தகவல் எடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையற்ற எண்ணத்துடனோ மோசடியாகவோ செய்திருந்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. திரையைச் சரிசெய்ய அனுமதித்தது கோப்புகளைப் பார்க்க அனுமதித்ததாகாது.

வாரண்டி முடிய இன்னும் சில மாதங்களே இருக்கும். அதற்குள் புகார் எழுத்தில் பதிவாகிவிட வேண்டும். ஆணையத்துக்குப் போக வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உங்களைத் திருப்பி அனுப்பிய தேதியை இன்றே குறித்து, பில், வாரண்டி அட்டை ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள்.