பொருளின் தோல்வியை வடிவமைப்பு நிலையிலேயே தடுக்க முறையான வழி உண்டா?

சோதனைகளில் தேறிய பொருள்கூடப் பயன்பாட்டில் பழுதாகிறதே, அதை வரைபட நிலையிலேயே தடுக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவு முடியும்.

அதற்குப் பரவலாகப் பயன்படுவது, 1949-இல் அமெரிக்க இராணுவ நடைமுறையாக எழுத்துவடிவம் பெற்ற எஃப்.எம்.இ.ஏ. (FMEA) எனப்படும், பழுதின் வகைகளையும் விளைவுகளையும் ஆராயும் பகுப்பாய்வு. ஒவ்வொரு பாகமும் எவ்வெவ்வாறு செயலிழக்கக்கூடும் என்று பட்டியலிட்டு, விளைவின் கடுமை, நிகழும் வாய்ப்பு, முன்கூட்டியே கண்டறிவதிலுள்ள சிரமம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்கி, தொகை அதிகமுள்ள பழுதைப் பட்டியலின் மேலே வைப்பார்கள். இந்தப் பெருக்குத்தொகையை மட்டும் நம்புவது ஆபத்தானது. கடுமை 10, மற்றவை தலா 2 என்றால் கிடைப்பது 40. மூன்றும் 5 என்றால் 125. உயிரைப் பறிக்கக்கூடிய பழுது பட்டியலின் அடியில் போய்விடுகிறது! 2019-இல் வெளியான வாகனத்துறைக் கையேடு இந்தப் பெருக்கல் முறையைக் கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் தரும் அட்டவணைக்கு மாறியது சரியான முடிவு.

விபத்திலிருந்து பின்னோக்கிக் காரணங்களைத் தேடும் பழுதுமரப் பகுப்பாய்வு இதற்கு நல்ல துணை.

ஆனால் அதிகம் புறக்கணிக்கப்படுவது, இடையில் செய்யப்படும் மாற்றங்களை மறுஆய்வு செய்வதே. 1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தனர். மேலும் கீழுமாக இருந்த இரு பாலங்களையும் ஒரே நீளக் கம்பிகள் தாங்குவதாக இருந்த வடிவமைப்பு, தனித்தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டிருந்தது. கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்தே தொங்கியதால், மேல்பாலத்தின் விட்டத்தைத் தாங்கிய நட்டுகளின் மீதான சுமை இருமடங்கானது. எனவே வரைபடத்தில் ஒரு கோடு மாறினாலும், சுமை செல்லும் பாதையை மீண்டும் கணக்கிட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.