ஐந்து பழைய கணினிகள்: விண்டோஸ் 11 வாங்குவதா, லினக்ஸுக்கு மாறுவதா?

வாசகர் கேள்வி: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணினிகள் ஐந்து. எல்லாம் 2014, 2015இல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். பத்திரம் டைப் செய்வது, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், டேலியில் கடைக் கணக்கு, இதுதான் வேலை. விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது. கணினி விற்பவர் ஐந்தையும் மாற்றச் சொல்கிறார். அக்கா மகன் லினக்ஸ் போட்டால் பைசா செலவில்லை என்கிறான். நண்பர் ஒருவர், மேக் வாங்கினால் தொல்லையே இருக்காது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? விண்டோஸ் கீ 500 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?

பதில்: ஐந்தையும் மாற்ற வேண்டாம். பழையதில் ஒன்றுக்குப் பதிலாக விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி ஒன்று வாங்குங்கள். மூன்று பழைய கணினிகளில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடுங்கள். மீதமுள்ள ஒன்றை இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டு, இப்போது இருப்பதுபோலவே விண்டோஸ் 10இல் வைத்துக்கொள்ளுங்கள். மேக் உங்கள் கடைக்கு வேண்டாம்.

கெடுவைப் பற்றி முதலில். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காகக் கணினி நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. வங்கிக் கணக்கும் வாடிக்கையாளரின் ஆதார் நகலும் பத்திர நகலும் இருக்கும் கணினியை அப்படியே நெட்டில் விட்டு வைப்பது ஆபத்து. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தந்திருக்கிறார்கள். நிறுவனங்களுக்கு அது காசுக்குத்தான்: கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. மூன்று ஆண்டுக்கும் கட்டினால் 427 டாலர் ஆகிவிடும். பத்து வயதான ஐ3 கணினிக்கு அவ்வளவு பணம் போடுவதில் அர்த்தம் இல்லை.

உங்கள் ஐ3யில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், கணினி தொடங்கும்போதே காவல் காக்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றிவிட வழிகள் இருக்கின்றன, ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வீட்டில் படம் பார்க்கும் கணினியில் செய்து பாருங்கள், கடைக் கணக்கு இருக்கும் கணினியில் வேண்டாம்.

இனி உங்கள் அக்கா மகனின் வாதம். லினக்ஸ் இலவசம் என்பது உண்மைதான். செலவில்லை என்பதுதான் சரியில்லை. உங்கள் செலவைத் தீர்மானிப்பது விண்டோஸின் விலையோ லினக்ஸின் விலையோ அல்ல. எந்தெந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள், பத்து வருடக் கோப்புகள் எந்த வடிவத்தில் கிடக்கின்றன என்பதுதான். ஆகவே ஒரு தாளில் கடையில் நடக்கும் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நேரே மென்பொருள், எழுத்துரு, பிரிண்டர் மூன்றையும் குறியுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிகிறது.

டேலியை எடுத்துக்கொள்வோம். டேலி பிரைம் விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள். லினக்ஸில் ஒயின் என்றொரு ஏற்பாடு உண்டு. விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். 1993இல் தொடங்கிய திட்டம், இன்று எத்தனையோ நிரல்களை நன்றாக ஓட்டுகிறது. இருந்தாலும் கணக்கு மென்பொருளை அதில் ஓட்டச் சொல்ல மாட்டேன். ஒரு அப்டேட்டில் லைசென்ஸ் பகுதி மக்கர் செய்தால் ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆஃப்லைன் டூலும் விண்டோஸுக்குத்தான். நீங்கள் தனி உரிமையாளர் என்றால் ரிட்டர்னை ஓடிபி மூலமே சமர்ப்பிக்கலாம், அதற்கு எந்தக் கணினியின் பிரவுசரும் போதும். நிறுவனமாகப் பதிந்திருந்தால் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கட்டாயம், அதற்கும் விண்டோஸே சிரமம் இல்லாதது. ஆக, டேலி, டோக்கன், ஜிஎஸ்டி எல்லாம் புதுக் கணினிக்குப் போகட்டும். பிற்பாடு இ-சேவை எடுக்கும் எண்ணம் இருந்தால் கைரேகைக் கருவியையும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். நீங்கள் பெயர் சொல்லவில்லை, ஆனால் பத்து வருடமாகப் பத்திரிகை அடிக்கும் கடை என்றால் அது இல்லாமல் இருக்காது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதன் பிறகு புதுப் பதிப்பே இல்லை, 2004இல் அடோபி அதை மேம்படுத்துவதையே நிறுத்திவிட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. அதனால்தான் நம் ஊர் டிடிபி கடைகள் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நிற்கின்றன. உங்களைக் கட்டிப் போட்டிருப்பது விண்டோஸ் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் கட்டிப் போட்டிருப்பது பேஜ்மேக்கரும் பாமினியும்தான். புதிதாக ஐந்து விண்டோஸ் 11 கணினிகள் வாங்கினாலும் அந்தக் கட்டு அவிழாது.

பாமினியில் நடப்பது இதுதான். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். லினக்ஸில் திறந்து பார்த்துவிட்டு ‘இதில் தமிழே வராது’ என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் இரட்டைக் கிளிக் செய்து நிறுவிவிட்டால் பாமினி அப்படியே தெரியும், அதிலேயே டைப்பும் செய்யலாம். யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: கோப்பில் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி இருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும். பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பை ஆங்கிலத்தில் போட்டிருப்பார்களே, அந்த வரியைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரெ ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளின் டிரா, பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் இரண்டுமே திறக்கும். எழுத்தும் கட்டங்களும் வந்துவிடும், அமைப்பு அச்சு அசலாக வராது. அடோபியின் சொந்த வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனே சிஎஸ்6 வரைக்கும்தான் அவற்றைத் திறந்தது, அதற்குப் பின் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. எனவே ஒரு பழைய கணினியை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறேன். நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். ‘போன வருஷம் அடித்த அதே மாடல்’ என்று கேட்டு வருபவருக்கு அதில் திறந்து, பிடிஎஃப் எடுத்துக் கொடுங்கள். வாடிக்கையாளரின் பென்டிரைவை மட்டும் அதில் செருகாதீர்கள். அது முதலில் லினக்ஸ் கணினிக்குப் போகட்டும். புதிதாக வரும் வேலைகளை ஸ்கிரைபஸில், யூனிகோடில் தொடங்குங்கள். 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது, அச்சகத்துக்குத் தேவையான நான்கு நிறப் பிடிஎஃப்பும் கிடைக்கிறது. போட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் கை பழகிவிட்டது என்றால் அவையும் புதுக் கணினியில்தான், ஏனென்றால் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது.

பத்திரம் டைப் செய்வதுதான் உங்கள் கடையின் முதல் வரும்படி என்று நினைக்கிறேன். அதற்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் வேர்டு மாதிரிப் பத்திரங்கள் லதாவிலோ நிர்மலாவிலோ இருக்கும். அந்த எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, லினக்ஸில் இருக்காது. லிப்ரெ ஆபீஸ் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். அதன் எழுத்து அகலம் வேறு, வரி உயரம் வேறு. விண்டோஸில் ஒரு பக்கத்தில் கச்சிதமாக முடிந்த பத்திரம் இங்கே நான்கு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடும். முத்திரைத்தாளில் மேலே விட வேண்டிய இடம், கீழே கையெழுத்துக்கான இடம் எல்லாம் கணக்காக இருக்க வேண்டிய ஆவணத்தில் இது சின்ன விஷயம் இல்லை, ஒரு தாள் வீணானால் அது உங்கள் காசு. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு. கலிப்ரிக்குப் பதிலாக அதே அகலத்தில் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று லினக்ஸில் ஜோடி வைத்திருக்கிறார்கள். லதாவுக்கு அப்படி ஒன்று கூடவே வருவதில்லை.

இதற்குத் தீர்வு எளிது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச யூனிகோடு எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐந்து கணினிகளிலும் நிறுவுங்கள். மாதிரிப் பத்திரங்களை ஒருமுறை அதற்கு மாற்றி, ஓரமும் வரி இடைவெளியும் சரிசெய்து, வெற்றுத்தாளில் அடித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டைப் அடிக்கும் பெண்கள் தமிழ்99 பழகியவர்களானாலும் பழைய டைப்ரைட்டர் முறை பழகியவர்களானாலும் கவலை வேண்டாம். இரண்டு விசைப்பலகைகளும் லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன, நிறுவிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரிண்டரைப் பற்றி யாருமே உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் வேலை செய்யும். நம் ஊர்க் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 அப்படி இல்லை. அது கேனானின் சொந்த முறையில் பேசும் பிரிண்டர், லினக்ஸில் அதை ஓட வைப்பது பெரும்பாடு. உங்களிடம் இருப்பது அதுவானால் புதுக் கணினியிலேயே மாட்டிவிட்டு, மற்ற கணினிகளிலிருந்து பிடிஎஃப்பை ஒரு பொதுக் கோப்புறையில் போட்டு அங்கிருந்து பிரிண்ட் எடுங்கள். வேலை நெருக்கடியில் ஆள் எழுந்து போக வேண்டும், அந்தச் சிரமம் உண்டு. நாள் முழுக்க அடிக்கும் கடை என்றால் லினக்ஸுக்கு ஒத்துவரும் பிரிண்டர் ஒன்று வாங்குவதே நல்லது.

மேக் நல்ல கணினிதான், தமிழும் அதில் அழகாக வரும். உங்கள் வேலைக்குத்தான் ஒத்துவராது. டேலி அதில் நேரடியாக ஓடாது. 2019இல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் எனப்படும் பழைய வகை நிரல்களை ஆப்பிள் கைவிட்டுவிட்டது. இப்போதைய எம் வரிசைச் சிப்புகளில் விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ளும் பூட் கேம்ப் வசதியும் இல்லை. காசு கொடுத்து வேறொரு மென்பொருள் வாங்கி அதற்குள் விண்டோஸ் ஓட்ட வேண்டும். விலையும் கூடுதல், விண்டோஸும் உங்களை விடாது.

மாறும் வரிசை மிக முக்கியம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்து வருடம் உழைத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. அரசியல் காரணங்கள் இருந்தன, வெளி அலுவலகங்களோடு கோப்புப் பரிமாறுவதிலும் தனி மென்பொருள்களிலும் தீராத உரசலும் இருந்தது. பிரான்சின் ஜெண்டார்மரி காவல் படை வேறு வழியில் போனது. 2005இல் விண்டோஸை வைத்துக்கொண்டே இலவச ஆபீஸ் மென்பொருளான ஓபன் ஆபீஸுக்கு மாறினார்கள். அடுத்து பிரவுசரும் மெயிலும். ஆட்களுக்குக் கை பழகிய பிறகு 2008இல்தான் அடியில் இருந்த விண்டோஸை உபுண்டு என்ற லினக்ஸாக மாற்றத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அதில்தான் இருக்கிறார்கள். ஐந்து கணினிக் கடைக்கும் நான் சொல்வது இந்த வரிசையைத்தான். இப்போது இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரெ ஆபீஸையும் ஸ்கிரைபஸையும் போட்டு ஒரு மாதம் அதில் வேலை வாங்குங்கள். எது முடியவில்லை என்பதை அந்தத் தாளிலேயே குறித்து வாருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு கணினியில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். அதிலும் நேரே நிறுவ வேண்டாம். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. பிரிண்டர், ஸ்கேனர், கடையின் வைஃபை மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபியில் அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். ரேமை 8 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். உங்கள் அக்கா மகன் சொல்லாமல் விட்ட செலவு இது, போட்டால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். வாரத்தில் ஒரு நாள் அவரையே கடைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள், சும்மா அல்ல, கூலி கொடுத்து. இலவச மென்பொருளுக்கும் பராமரிப்புக்கு ஆள் வேண்டும்.

500 ரூபாய்க் கீயை வாங்காதீர்கள். அப்படி விற்பவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து வெளியே வந்தவை. ஆக்டிவேட் ஆவதும் உரிமம் உங்களுடையதாவதும் ஒன்றல்ல, மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கினால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. தவிர, உங்கள் ஐ3 விண்டோஸ் 11க்குத் தகுதியானதே இல்லை எனும்போது கீ எதற்கு? புதுக் கணினியை விண்டோஸோடு சேர்த்தே வாங்குங்கள். அசெம்பிள் செய்து தருவதாகச் சொன்னால் விண்டோஸ் 11க்கான விலையைப் பில்லில் தனி வரியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ‘சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றித் தருகிறோம் சார்’ என்று வாயால் மட்டும் சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.