தலைமைப் பொறுப்பும் நெருக்கடியும்: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

மணலியில் ஓர் இரசாயன ஆலையில் ஷிப்டுப் பொறுப்பாளராகச் சேர்ந்து, உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். பொறுப்பில் இருப்பவர்கள் சோதனைக் காலத்தில் நிலைகுலையாமல் இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரும் தொழிலும் மட்டும் தருகிறேன்.

வியாசர்பாடி, லேத் பட்டறை உரிமையாளர்: ஐயா, பெரிய நிறுவனம் ஒன்று நான்கு மாதமாகப் பில் தொகையைத் தரவில்லை. பட்டறையில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பயந்துவிடுவார்களே என்று எதையும் சொல்லாமல் சிரித்தபடி நடமாடுகிறேன். இரவில் தூக்கமில்லை. நான் செய்வது சரிதானா?

சொல்லிவிடுங்கள் தம்பி, இந்த வாரமே. உங்கள் முகத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். இரும்பு வரத்து குறைந்ததும் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் வாய் திறக்காவிட்டால் டீக்கடையில் ஒரு கதை உருவாகும், அது நடப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும். வரவேண்டிய தொகை எவ்வளவு, எத்தனை வாரச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி, மறுபடி எந்தத் தேதியில் பேசுவீர்கள் என்றும் சொல்லுங்கள். அன்று புதிய செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டுப் பேசுங்கள். தூக்கம் அங்கிருந்துதான் திரும்பும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எதை எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு மட்டும் சரக்கு அனுப்பும் முன்பே இருந்திருக்க வேண்டும். புகார் செய்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்து முடித்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். அவர்களுடைய கணக்குப் பிரிவு இதை நன்றாக அறியும். நீங்களும் அறிவீர்கள் என்பது கடிதத்தில் தெரியட்டும். அதற்கும் அசையாவிட்டால் இத்தகைய நிலுவைப் புகார்களை விசாரிக்க அரசு அமைத்திருக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போங்கள்.

எண்ணூர், கன்டெய்னர் கிடங்கு மேற்பார்வையாளர்: மிக்ஜாம் புயலின்போது என் ஆட்கள் பாதிப்பேர் வீட்டில் தண்ணீர். மேலிடமோ முழு வருகை கேட்டது. இரண்டு பக்கமும் இடி வாங்கினேன். மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வது?

2023 டிசம்பரை நம் பகுதியில் யார் மறப்பார்கள்? மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்துப்போயின. அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு வருபவரிடம் "ஏன் தாமதம்?" என்று தொடங்கும் மேலாளர், அந்த மனிதரை அன்றோடு இழந்துவிடுகிறார். "வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும், பதிலை நின்று கேட்கவும் வேண்டும்.

ஆனால் அன்பு மட்டும் போதாது. புயல் நாளில் முடிவெடுக்க உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே ஒரு பட்டியல் போடுங்கள். யார் தரைத்தளத்தில் குடியிருக்கிறார்கள், யார் வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையான பெரியவரோ இருக்கிறார்கள், யாரால் தண்ணீர் தேங்கினாலும் வந்து சேர முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குறைந்தபட்சம் எத்தனை பேர் இருந்தால் கிடங்கைப் பாதுகாப்பாக நடத்தலாம் என்ற எண்ணிக்கைக்கு மேலிடத்தின் ஒப்புதலை அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மழையில் நின்று வாதாடும் பாதி வேலை அதில் குறைந்துவிடும்.

ராயபுரம், மருத்துவமனைச் செவிலியர்: வார்டுப் பொறுப்பு என்னிடம். நோயாளிகளின் உறவினர்கள் கத்தும்போது இளம் செவிலியர்கள் அழுகிறார்கள். நான் கல்லாக நின்றுவிட்டு வீட்டுக்குப் போய் அழுகிறேன். நான் பலவீனமானவளா?

இல்லை அம்மா. கல்லாக நிற்க வேண்டும் என்று யாரோ உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷிப்டு மாறும்போது பத்து நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். இன்று என்ன நடந்தது, நாளை யாரை எந்தப் படுக்கைப் பக்கத்திலிருந்து மாற்றிவிடலாம் என்று மட்டும் பேசுங்கள்; குற்றம் சுமத்தும் பேச்சு அங்கே வேண்டாம். "எனக்கும் இன்று கஷ்டமாக இருந்தது" என்று நீங்கள் முதலில் சொன்னால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். யாராவது கை ஓங்கினால் அது பொறுத்துப்போகும் விஷயமே இல்லை. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கென்றே தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகாரை அந்த இளம்பெண் தலையில் கட்டாமல் நிர்வாகம் கொடுக்கும்படி செய்யுங்கள். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பெரம்பூர், மென்பொருள் குழுத் தலைவர்: ஆட்குறைப்புக்குப் பெயர்ப் பட்டியல் கேட்கிறார்கள்.

எந்த அளவுகோலின்படி என்று எழுத்தில் கேளுங்கள். வெளியேறுபவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், மின்னஞ்சலில் அல்ல. மிஞ்சியவர்களிடம் "இனி யாரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டார்கள்" என்று உங்களுக்கே தெரியாததை வாக்குக் கொடுக்காதீர்கள்.

புளியந்தோப்பு, தொழிற்சங்கச் செயலாளர்: எங்கள் வேலைநிறுத்தம் தோற்றுவிட்டது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பழிக்கிறார்கள். எப்படி மீட்பது?

நீங்கள் இருக்கும் மண்ணிலேயே இதற்கு வரலாறு இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் முன்னின்றார்கள். 1921இல் பக்கிங்காம், கர்னாடிக் துணி ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே விரிசல் விழுந்தது, புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, போராட்டம் தோற்றது. பசியும் நிர்வாகமும் காவல்துறையும் ஒருபுறம் நெருக்கின என்பது உண்மைதான். ஆனால் தொழிலாளர்களுக்குள் விழுந்த பிளவே ஆறாத காயம் என்பது என் கருத்து. சங்கமோ அந்தத் தோல்வியோடு மறைந்துவிடவில்லை. வாடியா மீது நிர்வாகம் தொடுத்த வழக்கு எழுப்பிய கேள்விகளே, சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயின.

ஆகவே முதல் வேலையாக, நடுவில் வேலைக்குத் திரும்பியவர்களின் வீட்டுக்கு நீங்களே போங்கள். துரோகி என்ற சொல்லைச் சங்க அலுவலகத்தில் யாரும் உச்சரிக்க விடாதீர்கள். அவர்களில் பலர் வாடகை கொடுக்க முடியாமல்தான் திரும்பியிருப்பார்கள். அடுத்த போராட்டத்துக்கு முன் உதவி நிதி சேர்த்திருக்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

மாதவரம், சரக்குக் கிடங்கு மேலாளர்: நான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும். மூன்று ஆண்டுகளாக விடுப்பே எடுக்கவில்லை. உடம்பு சொல்வதைக் கேட்கவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்கிறீர்களோ என்று கவலைப்படுகிறேன். நாளை நீங்கள் மருத்துவமனையில் படுத்தால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? உங்களுக்கு மட்டும் தெரிந்தவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்: சாவி இருக்கும் இடம், லாரி முகவர்களின் எண்கள், மின்வாரிய அலுவலக எண், எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பது. இருவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் மட்டும் போதாது, அவருக்கும் காய்ச்சல் வரும். பிறகு சரக்கு குறைவாக வரும் நாளாகப் பார்த்து விடுப்பு எடுத்து, கைப்பேசியை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் என்னென்ன நின்றன என்று கேட்டு அதே நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் இரண்டு நாள் எடுங்கள்.