குங்ஃபூ பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு வேலை தருகிறது? கேள்வி பதில்

கேள்வி: தினமும் ஒருமுறை 24 அசைவு கொண்ட தாய்ச்சி வரிசையை (மெதுவான அசைவுகளாலான சீனத் தற்காப்புக் கலை) செய்கிறேன். நடைப்பயிற்சியை விட்டுவிடலாமா, ஐயா?

பதில்: விடாதீர்கள். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் பொதுமக்களுக்காக தாய்ச்சியின் யாங் மரபிலிருந்து சுருக்கி அமைத்த அந்த வரிசையை முடிக்க ஐந்தாறு நிமிடங்களே ஆகும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கும்போது, உங்கள் கணக்கு அரைமணியைச் சற்றே தாண்டுகிறது. முழங்காலை நன்கு மடக்கித் தாழ்ந்து செய்தால் உழைப்பு கூடும்.

கேள்வி: ஹுங் கர் என்ற குங்ஃபூ பாணி வகுப்பில், கால்களை அகட்டி முழங்காலை மடக்கி நிற்கும் குதிரை நிலையில் மூன்று நிமிடம் நின்றால், கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 150 இதயத் துடிப்பு காட்டுகிறது. இது ஓட்டத்துக்குச் சமந்தானே?

பதில்: துடிப்பு சமமாக இருக்கலாம், வேலை சமமன்று. ஓடும்போது கால் தசைகள் இறுகியும் தளர்ந்தும் இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. துடிப்போடு உடல் ஏற்கும் பிராணவாயுவும் ஏறுகிறது. குதிரை நிலையிலோ இறுகியே நிற்கும் தொடைத்தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெருக்குவதால், பிராணவாயுச் செலவு அந்த அளவுக்குக் கூடாமலேயே துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. ஆகவே கடிகாரம் சொல்லும் கலோரிக் கணக்கை நம்ப வேண்டாம். தொடை நடுங்கத் தொடங்கியதும் பலர் பல்லைக் கடித்துத் தம்மையறியாமல் மூச்சை அடக்கிவிடுகிறார்கள். அழுத்தம் மேலும் ஏறுவது அப்போதுதான். நிற்கும்போது வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை தொண்டையில் சிக்கினால் எழுந்துவிடுங்கள். கால் வலுவுக்கு இது அருமையான பயிற்சி. ஓட்டத்துக்கு மாற்று அன்று.

கேள்வி: அப்படியானால் எதில்தான் உண்மையாக மூச்சு வாங்கும்?

பதில்: தாவலும் உதையும் நிறைந்த சாங் சுவான் என்ற குங்ஃபூ பாணியில் வாங்கும், இரண்டு நிமிடச் சுற்றுகளாக மோதும் சாண்டா என்ற சண்டைப் போட்டியில் இன்னும் வாங்கும். தாய்ச்சியிலேயே ஹெனான் மாகாணத்துச் சென் மரபின் இரண்டாம் வரிசை, தரையை மிதித்தும் துள்ளியும் செய்வது. ஆனால் வகுப்பில் ஆசிரியர் திருத்தும்வரை காத்து நிற்கும் நேரமே பெரும்பாலும் அதிகம் என்பதால், வரிசையை இடைவெளி குறைத்து மூன்று நான்கு முறை தொடர்ந்து செய்தால்தான் பலன்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் எந்தத் துடிப்பைத் தாண்டக்கூடாது?

பதில்: அம்மாத்திரை துடிப்பையே அடக்கி வைக்கும் என்பதால், அதிகபட்சத் துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவருக்குப் பொருந்தாது. மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்கட்டும். பயிற்சியின் நடுவே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.