ஒன்பது மாதமாக எரியாத சூளை

கேள்வி: எனக்கு 47 வயது. 22 ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கையாளர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வார இறுதி வகுப்பில் மண்கலம் வனையக் கற்றுக்கொண்டேன். சக்கரத்தில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. வீட்டிலேயே சக்கரம் போட்டு, ஒன்பது மாதத்துக்கு முன் மின்சூளையும் வாங்கிவிட்டேன். அலமாரியில் 70 கலங்கள் காய்ந்து நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் நல்ல கலங்களாகச் சேர்ந்ததும் சூளையில் ஏற்றலாம் என்றிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்க ஆசை. ஓராண்டு மனைவியின் சம்பளத்தில் ஓட்டலாம் என்று சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். ஓவியர் கோகன்கூடப் பங்குச் சந்தை வேலையை உதறியவர்தானே? எனக்குத் துணிச்சல்தான் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: துணிச்சல் இருக்கட்டும். அந்த 70 கலங்களைப் பற்றிப் பேசுவோம்.

தொழிலை விட்டுக் கலைக்குப் போகத் துடிக்கும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ‘மனம் சொல்வதைக் கேளுங்கள்’ என்ற பதிலைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் மனம் சொல்வதை உங்கள் அலமாரியே சொல்லிவிட்டது. ஒன்பது மாதம் வீட்டில் சூளை நிற்கிறது, ஒருமுறைகூடப் பற்றவைக்கவில்லை. வகுப்பில் சுட்டதெல்லாம் ஆசிரியர். அடுக்கியது அவர், கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைக் கலக்கியது அவர், விரிசல் விட்டதை ஓரமாக எடுத்து வைத்ததும் அவராகத்தான் இருக்கும்.

சுடாத கலத்துக்குப் பசுமட்கலம் என்று நம் மொழியில் பழைய பெயர் உண்டு. தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். உங்களுக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. பிடிக்காவிட்டால் வாளித் தண்ணீரில் போட்டு, கரைத்து, பிசைந்து மறுபடியும் வனையலாம். சூளையில் 600 பாகை செல்சியஸ் தாண்டிவிட்டால் மண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருந்த நீர் போய்விடும். அதற்குப் பிறகு அது மண்ணாகத் திரும்பாது. நல்லதோ கெட்டதோ, அது உங்கள் கலம். அந்த இடத்துக்குப் போகத்தான் பயப்படுகிறீர்கள். ‘நல்ல கலங்களாகச் சேரட்டும்’ என்கிறீர்களே, சுடாமல் எது நல்ல கலம் என்று எப்படித் தெரியும்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். 1200 பாகைக்கு மேல் சுடும் ஸ்டோன்வேர் மண், ஈரத்திலிருந்து இறுதிச் சூடு வரை ஏறக்குறைய 12 விழுக்காடு சுருங்கும். நீளத்தில் 12, கொள்ளளவிலோ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சக்கரத்தில் 300 மில்லி பிடிக்கும்படி வனைந்த குவளை சூளையிலிருந்து 205 மில்லி குவளையாக இறங்கும். கணக்கு உங்கள் தொழில், போட்டுப் பாருங்கள். இது தெரியாமல் 70 குவளை வனைந்திருந்தால் எழுபதும் சிறுத்துப்போகும். அடிப்பாகத்தை விரலால் அழுத்தி இறுக்காமல் விட்டால் நடுவில் ‘எஸ்’ வடிவில் விரிசல் வரும். சில காயும்போதே தெரியும், பல சூட்டில்தான் வெளியே வரும். முதல் பத்திலேயே சூளை அதைச் சொல்லியிருந்தால் பதினோராவதில் கை திருந்தியிருக்கும். நீங்கள் ஒரே தப்பை எழுபது முறை பழகியிருக்கலாம்.

சரி, கோகன். 1882-இல் பாரிஸ் பங்குச் சந்தை சரிந்தபோது அவருடைய பிழைப்பே ஆட்டம் கண்டது. சும்மா இருந்த வேலையை ஒரு நாள் காலையில் உதறியவர் அல்ல அவர். அதற்குள் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஓவியம் வரைந்திருந்தார். 1879 முதல் 1882 வரை இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் தொடர்ந்து தம் படைப்புகளை வைத்தார். பிறர் பார்த்தார்கள், குறை சொன்னார்கள். மண்ணில் கை வைத்தபோதும் தனியாக வைக்கவில்லை. 1886 குளிர்காலத்தில் ஷாப்லே என்ற தேர்ந்த மட்கலைஞரோடு சேர்ந்தார். கதையின் மறுபாதியைச் சொல்ல ஏனோ எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. அவர் மனைவி மெட் கோபன்ஹேகனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த ஓவியங்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், அந்த அம்மா தலையில் ஏற்றிய பாரம் நியாயமாகிவிடாது. என் கருத்து அது, மாறப்போவதில்லை.

உங்கள் மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சம்மதக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். தணிக்கையில் இப்படி ஒரு பதிவை ஏற்றுக்கொள்வீர்களா? அந்த அலமாரியை அவரும் தினமும் பார்க்கிறார். ஒரு குவளையை நெருப்பில் வைக்கத் தயங்குகிறவர் குடும்பத்தைத் தூக்கி வைக்கத் தயாராக இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாதா?

இந்த வாரமே செய்ய வேண்டியது இது. 70-இல் 20 கலங்களை எடுங்கள். அழகானவற்றை ஒதுக்காதீர்கள், கலந்து எடுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஒன்பது மாதம் நின்ற கலம் காய்ந்துதான் இருக்கும், ஆனால் காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சும், தடித்த அடியில் அது தங்கும். 100 பாகையை அவசரமாகத் தாண்டினால் நீராவி கலத்தை வெடிக்க வைக்கும். சில்லு பறந்து பக்கத்துக் கலமும் போகும். அதனால் 90 பாகையில் சில மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு மெதுவாக ஏற்றுங்கள். 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் திடீரென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். 500-க்கும் 650-க்கும் இடையில் ஏறும்போதும் இறங்கும்போதும் பொறுமை வேண்டும். கிளேஸ் பூசுவதற்கு முந்தைய இந்த முதல் சூட்டை 1000 பாகையில் முடியுங்கள். அறைக்குக் காற்றோட்டம் இருக்கட்டும், யாரும் அங்கே தூங்க வேண்டாம்.

திறக்கக் கை துறுதுறுக்கும். 100 பாகைக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

அடுத்தது கிளேஸ். கை எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாமல் விலகிச் சுருண்டுகொள்ளும். தடித்துப் பூசினால் உருகி வழிந்து, கலம் சூளைக்குள் அடுக்கும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடியிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். தட்டுக்கு அலுமினாத் தூளும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் சரிபாதி கலந்த பூச்சு கொடுங்கள். மேல், நடு, கீழ் மூன்று தட்டிலும் சூட்டுக் கூம்பு, அதாவது சூடு போதிய அளவு ஏறியதும் இளகிச் சாயும் சிறு கூம்பு, வையுங்கள். மின்சூளையின் காட்டி ஒரே இடத்துச் சூட்டைத்தான் சொல்லும்; மண் எவ்வளவு வெந்தது என்பதைச் சாயும் கூம்புதான் சொல்லும். இரண்டாம் சூடு உங்கள் மண்ணும் கிளேஸும் கேட்கும் அளவு, பெரும்பாலும் 1220 பாகை ஒட்டி. வெளியே வந்த குவளையில் ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் நிறம் மங்கியிருந்தால் அதில் யாரும் குடிக்கக் கூடாது.

ஒரு நோட்டு போடுங்கள். ஏற்றியது எத்தனை, முழுதாக இறங்கியது எத்தனை, விற்கக் கூடியது எத்தனை. பிசைய, வனைய, அடி செதுக்க, கைப்பிடி ஒட்ட, கிளேஸ் பூச, அடுக்க, அடியைத் தேய்க்க ஆன மணி நேரம் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு. விற்கக் கூடியதை அந்த மணிகளால் வகுத்தால் வரும் எண்ணை மனைவியிடம் காட்டுங்கள். அப்போது அவர் பேசுவார், கேட்டுக்கொள்ளுங்கள். வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியும். சூளை இரவில்தானே எரியப்போகிறது.

மூன்று முறை சுட்டு முடித்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள், அந்த எண்களோடு. முதல்முறை மூடியைத் திறக்கும்போது மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்து கிடப்பதை முதலில் அவர் கையில் கொடுங்கள்.