இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஃபீனோ பரிசோதனை: கேள்வி பதில்

நுரையீரல் பரிசோதனை அறையில் பல வருடங்கள் பிள்ளைகளை ஊத வைத்திருக்கிறேன். நம் கரையோரப் பெற்றோர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

பாம்பன்: மகனுக்கு 8 வயது. ஸ்பைரோமெட்ரி எடுத்தாயிற்று, இப்போது ஃபீனோவும் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஊதுவதுதானே?

ஊதுவதுதான் தங்கச்சி, பார்ப்பது வேறு. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று ஸ்பைரோமெட்ரி சொல்லும். குழாயின் உள்சுவரில் அலர்ஜி வகை அழற்சி இருக்கிறதா என்று ஃபீனோ சொல்லும். அழற்சி இருந்தால் அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைக் கூடுதலாக உண்டாக்கும். அது மூச்சோடு வெளியே வரும். அளவு பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 20க்குக் கீழே குறைவு, 35க்கு மேலே அதிகம். இடையில் வந்தால் பிள்ளையின் தொந்தரவையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

மண்டபம்: 6 வயது மகள் பயப்படுகிறாள். வலிக்குமா?

வலியே இல்லை. சுமார் 6 விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். பலூன் ஊதுவதுபோல் அல்ல, சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல். வீட்டிலேயே பழக்குங்கள். ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, ஓட்டம் வேண்டாம். அன்றைக்குக் கீரை, பீட்ரூட் கொடுக்காதீர்கள், அவை ஃபீனோ அளவைக் கூட்டிக் காட்டும்.

கீழக்கரை: தினமும் இன்ஹேலர் போட்டும் ஃபீனோ எண் 62 வந்திருக்கிறது. மருந்து கேட்கவில்லையா?

மருந்தை மாற்றும் முன் அது உள்ளே போகிறதா என்று பாருங்கள் லாத்தா. ஸ்பேசர், அதாவது பம்பின் வாயில் மாட்டும் குழாய், இல்லாமல் அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே தங்கிவிடும். என்னிடம் வந்த ஒரு பையன் தானாகவே போட்டுக்கொள்வதாகச் சொன்னான், எண் இறங்கவே இல்லை. அப்புறம் அவன் அப்பத்தா காலையும் இரவும் பக்கத்தில் நின்று போட வைத்தார். சில வாரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மூக்கு அலர்ஜி, சளிக்காய்ச்சல் இருந்தாலும் ஏறும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாயல்குடி: பக்கத்தில் சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடுகிறார்கள். புகை நாளில் பிள்ளைக்கு இரைக்கிறது, ஆனால் எண் 14தான்.

அந்த 14ஐ நம்பி இருந்துவிடாதீர்கள் அண்ணே. புகை எரிச்சலால் வரும் இரைப்பு எல்லா நேரமும் இந்த எண்ணில் தெரியாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எண் குறைந்தே வரும், நுரையீரலோ கெட்டுக்கொண்டிருக்கும். மூட்டம் போடும் நாளில் காற்று வீசும் திசை பார்த்துப் பிள்ளையை வேறு வீட்டில் வைத்திருங்கள். பிள்ளை இரைப்பதை நேரில் பார்த்த உங்கள் கண்தான் இங்கே முக்கியம்.

தொண்டி: எண் நார்மல். தினமும் போடும் இன்ஹேலர் பம்பை நிறுத்தலாமா?

வேண்டாம். மருந்தால் இறங்கியிருக்கலாம், நிறுத்தினால் திரும்ப ஏறும். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

ராமேஸ்வரம்: இந்த மிஷினுக்காக மதுரை வரை போக வேண்டுமா?

இது இல்லாமலும் ஆஸ்துமாவுக்கு நல்ல வைத்தியம் நடக்கும். இரவில் எத்தனை முறை இருமினான், இரைக்கும்போது உடனே போடும் நீல பம்ப் எத்தனை முறை தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் பேச முடியாமல் திணறினால், விலா உள்ளே இழுத்தால், உதடு நீலமானால் நீல பம்பைக் கொடுத்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.