முழங்கால் குருத்தெலும்பு சுமை தாங்கும் விதத்தை, அதை ரப்பர் போல வைத்துக் கணக்கிட்டால் போதாதா?

குதித்து இறங்கும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் என்றால் ஓரளவு போதும். உள்ளிருக்கும் நீர் வெளியேற அதற்குள் நேரம் கிடைக்காது. நிற்பது, நடப்பது என்று வந்தால் ரப்பர் கணக்கு காலை வாரிவிடும்.

குருத்தெலும்பின் எடையில் 70–80 சதவீதம் நீர்தான். 1980-ல் உயிரியந்திரவியல் ஆய்வாளர் வேன் மோவும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட இருகட்டக் கோட்பாடு, நீரையும் அதைப் பிடித்துவைத்திருக்கும் திண்ம வலையையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்கிறது. சுமை விழுந்ததும் நீரழுத்தம் எகிறி, பெரும்பகுதியை அதுவே தாங்கும். நீர் கசியக் கசியச் சுமை வலைக்கு மாறும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? தடிமனின் வர்க்கத்தை விறைப்பு, ஊடுருவுதிறன் (நீர் எவ்வளவு எளிதாகக் கசியும் என்பது) இரண்டின் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 2 மி.மீ. தடிமன், 0.5 மெகாபாஸ்கல் விறைப்பு, 10⁻¹⁵ மீ⁴/நியூ.நொடி ஊடுருவுதிறன் என்று போட்டால் 8,000 நொடி. இரண்டு மணி நேரத்துக்கும் மேல்!

அசையும் மூட்டில் இன்னொரு வசதி: தொடும் இடம் நகர்ந்துகொண்டே இருப்பதால் எந்த இடமும் நீரை முழுதாக இழப்பதில்லை, உராய்வும் குறைவாகவே இருக்கும். ஆகவே உங்கள் கணக்கு மாதிரியிலும் தொடுபரப்பை நகரவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

அப்புறம் அந்தத் திண்ம வலையில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள். இழுவிசையில் மிக விறைப்பு, அமுக்கத்தில் அப்படியில்லை. இதை விட்டுவிட்டால், பக்கவாட்டில் தடையில்லாத அமுக்கச் சோதனையில் நீர் தாங்கும் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாது என்று கணக்கு சொல்லும். சோதனையில் சுமார் 70 முதல் 94 சதவீதம் வரை வருகிறது. இத்தகைய திசுக்களைக் கணக்கிட உதவும் ஃபெபயோ (FEBio) மென்பொருளில் இழைகளைச் சேர்க்கும் வசதி உண்டு.